கொட்டை உடைக்கும் கைகளுக்கு எஞ்சுவது என்ன?

புறக்கோட்டையில் அழகுசாதனப் பொருட்களை மொத்தமாக விற்கும் கடைகளுக்குள் நுழைந்தால் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஒன்று உண்டு. அதுதான் ஆர்கான். ஷாம்பூவில் ஆர்கான், தலைக்குப் பூசும் கிறீமில் ஆர்கான், சவர்க்காரத்திலும் ஆர்கான். போத்தலைத் திருப்பிச் சேர்மானங்களை வாசித்துப் பார்த்தால் அந்த எண்ணெய் பட்டியலின் அடியில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். ஆனாலும் பெயர்தான் விற்கிறது. வியாபாரிகளான நமக்கு இது புதிய விடயம் அல்ல.

அந்தப் பெயரை நம்பி நானும் ஒரு காலத்தில் இந்த வியாபாரத்தில் இறங்கப் பார்த்தேன். ஆர்கான் எண்ணெயை மொத்தமாகத் தருவித்து, இங்கே சிறிய போத்தல்களில் அடைத்து விற்றால் நல்ல இலாபம் காணலாம் என்று கணக்குப் போட்டு 2013ஆம் ஆண்டு மொரோக்கோவுக்குப் போனேன். எண்ணெய் வாங்கப் போன நான் எண்ணெய் இல்லாமல்தான் திரும்பினேன். ஆனால், அங்கே கண்ட ஒரு விடயம் பிற்காலத்தில் என்னுடைய கஜு வியாபாரத்தையே மாற்றியது. காட்டுப் பொருள் ஒன்றுக்கு உலகச் சந்தையில் விலை ஏறும்போது கிராமத்தில் யார் உயர்கிறார், யார் தாழ்கிறார் என்பதே அந்த விடயம். நம்மில் பலர் கிராமத்துப் பொருட்களை வாங்கி நகரத்தில் விற்பவர்கள். ஆகவே இது நமக்கும் சம்பந்தப்பட்ட கதைதான்.

உலகில் வேறெங்கும் இல்லாத காடு

ஆர்கான் மரம் இயற்கையாகக் காடாக வளர்வது மொரோக்கோவின் தென்மேற்குப் பகுதியில்தான். எஸ்ஸவீரா, அகாதிர், தாரூதான்த், திஸ்னிட் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வரண்ட பூமி அது. காட்டின் பரப்பு 8 இலட்சம் ஹெக்டயர் அளவில் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டு அப்பிரதேசத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆர்கான் சார்ந்த பாரம்பரிய அறிவு 2014ஆம் ஆண்டு அதே நிறுவனத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2021ஆம் ஆண்டு மே 10ஆம் திகதியை ஆர்கான் மரத்துக்கான சர்வதேச தினமாகப் பிரகடனம் செய்தது.

மரம் முள் நிறைந்தது. பழம் சிறிய மஞ்சள் நிற உருண்டை. அதன் சதையை ஆடு தின்னும். சதைக்குள்ளே இருக்கும் கொட்டையோ கல்லைப் போன்றது. அந்தக் கொட்டையை உடைத்தால் ஒன்று, இரண்டு, சில வேளை மூன்று சிறிய பருப்புகள் கிடைக்கும். பருப்பை வறுத்துப் பிழிந்தால் சமையல் எண்ணெய். வறுக்காமல் பிழிந்தால் அழகுசாதனத்துக்குப் போகும் எண்ணெய். பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்கு. உடைத்த ஓடு அடுப்புக்கு. எதுவுமே வீணாவதில்லை.

நிலம் அரசாங்கத்தினுடையது. பிரான்சின் ஆட்சிக் காலத்தில் 1925ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம் காட்டை அரச உடைமையாக்கியது. அதேவேளை பழம் பொறுக்கவும், காய்ந்த விறகு எடுக்கவும், ஆடு மேய்க்கவும் ஊர் மக்களுக்கு உரிமை வழங்கியது. பழம் பழுக்கும் கோடை மாதங்களில் காட்டை ஆடுகளுக்கு மூடிவிடுவார்கள். அந்த வழக்கத்துக்கு 'அக்தால்' என்று பெயர். அந்த மாதங்களில் எந்த மரத்தின் பழம் எந்தக் குடும்பத்துக்கு என்பது ஊர் வழக்கப்படி வகுக்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்துக்கு நிறைய மரம் இருக்கும், இன்னொரு குடும்பத்துக்குக் கொஞ்சம் இருக்கும். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

"எந்த விலைக்கு வேண்டும்?"

அகாதிரில் நான் சந்தித்த தரகர் நல்ல மனிதர். புதினாத் தேநீர் தந்து உபசரித்தார். விலையைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஹாஜியார், நீங்கள் எந்த விலைக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த விலைக்கு எண்ணெய் தருகிறேன்" என்றார். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்கு இந்த வார்த்தையின் அர்த்தம் விளங்காமல் போகுமா?

கணக்கு எளிதானது. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 30 கிலோ காய்ந்த பழம் தேவை. அதை உடைத்தால் இரண்டரைக் கிலோ அளவில் பருப்பு வரும். ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து உடைத்தாலும் ஒன்று அல்லது இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு எடுப்பது கடினம். மூலப்பொருளின் விலையையும் கூலியையும் கூட்டினாலே ஒரு அடிவிலை வந்துவிடும். அதற்குக் கீழே யாராவது எண்ணெய் தருகிறேன் என்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது, அல்லது உடைத்த பெண்ணுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

பொருளை உற்பத்தியாகும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு, எஸ்ஸவீரா செல்லும் பாதையில் தமனார் என்ற சிற்றூர்ப் பக்கம் போனோம். ஆடுகள் மரத்தில் ஏறி நின்று பழம் தின்னும் காட்சியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை நேரிலும் கண்டேன்.

கல்லும் கையும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கட்டடத்துக்குள் முப்பது பெண்கள் அளவில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அமாஸிக் இனத்தவர்கள். பேர்பர் என்று நாம் கேள்விப்பட்ட மக்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தட்டையான ஒரு கல். கையில் இன்னொரு கல். கொட்டையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து நிறுத்தி ஒரே அடி. ஓடு ஒரு பக்கம், பருப்பு மறுபக்கம். கடகடவென்று மழை பெய்வதைப் போன்ற சத்தம்.

எண்ணெய் பிழிவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் கொட்டை உடைப்பதற்கு மட்டும் பெண்களின் கைதான். கொட்டைகள் ஒரே அளவில் இல்லை, ஓடும் மிகக் கடினம். இயந்திரம் பருப்பையும் சேர்த்து நசுக்கிவிடும் என்று அந்த இளைஞர் விளக்கினார். வயதான ஒரு பெண் தன் விரல்களை என்னிடம் காட்டிச் சிரித்தார். நகங்களைச் சுற்றிப் பழைய காயங்களின் தடம்.

அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு என் உம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. புத்தளம் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் உம்மா கஜு உடைத்துத்தான் எங்களை வளர்த்தார். கஜு ஓட்டில் இருந்து வடியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பது கஜு ஊர்க்காரருக்குத் தெரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார். அப்படியும் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்துதான் இருக்கும். பெருநாளைக்கு மருதாணி போட்டாலும் அந்தக் கறுப்பு மறையாது. ஆரம்பத்தில் எங்கள் வளவில் இருந்த மரங்களின் கஜுவைத்தான் உம்மா உடைத்து விற்றார். பின்னர் மரத்தின் விளைச்சலை வாப்பா முன்கூட்டியே ஒரு முதலாளிக்கு விற்றுவிட்டார். அதன் பின் உம்மா அதே கஜுவை அந்த முதலாளிக்குக் கிலோ கணக்கில் கூலிக்கு உடைத்தார். சொந்த மரத்தின் கஜுவுக்குக் கூலி! சிறுவனாக இருந்த எனக்கு அது அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மொரோக்கோவிலும் இதுதான் நடந்திருந்தது.

வீட்டு மூலையில் இருந்த வங்கி

முன்னைய காலத்தில் ஆர்கான் எண்ணெய் முழுக்க முழுக்கப் பெண்களின் பொருள். பழத்தைக் காயவைத்து வீட்டு மூலையில் குவித்து வைப்பார்கள். காய்ந்த பழம் வருடக்கணக்கில் கெடாது. மழை பொய்த்த வருடத்துக்கு அதுதான் கைகாவல். பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டுமா, சீனி தேயிலை வாங்க வேண்டுமா, பெண் அந்தக் குவியலில் இருந்து கொஞ்சம் எடுத்து உடைத்து, திரிகையில் அரைத்து, கையால் பிசைந்து எண்ணெய் எடுப்பாள். வாராந்தச் சந்தையில் ஒரு போத்தலோ இரண்டு போத்தலோ விற்பாள். விலை அற்பம்தான். ஆனால் அந்தப் பணம் அவள் கையில் இருந்தது. எப்போது விற்பது என்று தீர்மானிப்பவளும் அவள்தான். நமது பாஷையில் சொன்னால், சரக்கும் அவளுடையது, களஞ்சியமும் அவளுடையது.

1990களில் நிலைமை மாறத் தொடங்கியது. ரபாத் நகரில் உள்ள முகம்மத் 5 பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியை ஸுபைதா ஷர்ரூஃப் இந்த எண்ணெயின் குணங்களை ஆராய்ந்தவர். காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அதனால் ஊருக்கு வருமானம் வர வேண்டும் என்று கருதிய அவர், 1996ஆம் ஆண்டு தமனாரில் 'அமல்' என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொடக்கத்தில் மனைவிமாரை வெளியே வேலைக்கு அனுப்பக் கணவர்மார் விரும்பவில்லை. ஆகவே முதலில் வந்து சேர்ந்தவர்கள் விதவைகளும் விவாகரத்தான பெண்களும்தான். அவர்கள் கையில் பணம் வருவதைக் கண்ட பிறகே மற்றவர்கள் வந்தார்கள். சங்கங்கள் பெருகின. பல சங்கங்களில் எழுத்தறிவு வகுப்புகளும் நடந்தன. தன் பெயரை முதன்முதலாக ஐம்பது வயதில் எழுதக் கற்றதாக ஒரு பெண் என்னிடம் சொன்னார்.

இது கதையின் ஒரு பக்கம். இந்த நல்ல செய்தியைத்தான் ஐரோப்பாவின் போத்தல்களில் அச்சடித்து விற்கிறார்கள்.

லொறி வந்தது

மறுபக்கம் இது. ஐரோப்பிய அழகுசாதனக் கம்பனிகள் எண்ணெயைக் கேட்கத் தொடங்கியதும் பழத்துக்கே விலை வந்துவிட்டது. அறுவடை முடிந்ததும் வியாபாரிகளின் லொறிகள் ஊர்ச் சந்தைகளுக்கு வந்து பழத்தை மூடை மூடையாக அள்ளின. பணம் ரொக்கமாகக் கைமாறியது. யார் கைக்கு? சந்தைக்குப் போகும் ஆணின் கைக்கு. வீட்டு மூலையில் இருந்த குவியல் காலியானது. பெண்ணின் வங்கி ஒரே நாளில் மூடப்பட்டது.

லொறி அள்ளிய பழம் நகரக் களஞ்சியத்தில் காத்திருந்தது. சில மாதங்களில் விலை ஏறியது. அதன் பின் அதே பழம் உடைப்பதற்காகக் கிராமத்துக்கே திரும்பி வந்தது, இப்போது வியாபாரியின் சொத்தாக. பெண் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உடைத்தாள். கூட்டுறவுச் சங்கங்களும் இதில் மாட்டிக்கொண்டன. அறுவடை மாதத்தில் பழம் வாங்கிச் சேமிக்கப் போதிய முதல் இல்லாத சங்கம், பின்னர் கூடிய விலை கொடுத்து வியாபாரியிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கிப் பிழிந்து, பெரிய ஏற்றுமதிக் கம்பனியுடன் போட்டி போட முடியுமா? ஏற்றுமதியின் பெரும் பங்கு தனியார் கம்பனிகள் வழியாகத்தான் போகிறது. அதிலும் பெரும்பகுதி போத்தலில் அடைக்கப்படாமல் மொத்தமாகப் பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குச் செல்கிறது. பெயரும் போத்தலும் விளம்பரமும் அங்கே சேர்க்கப்படுகின்றன. இலாபத்தின் பெரிய பங்கும் அங்கேதான்.

உல்லாசப் பிரயாணிகள் போகும் வீதியோரங்களில் இன்னொரு வித்தையையும் கண்டேன். வாசலில் இரண்டு மூன்று பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே 'பெண்கள் கூட்டுறவு' என்ற பலகை தொங்கும். உள்ளே விசாரித்தால் கடை ஒரு தனி முதலாளியினுடையது. எல்லாக் கடைகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பலகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

மரம் உள்ளவனும் இல்லாதவளும்

கிராமத்துக்குள்ளும் எல்லோரும் ஒரே அளவில் பயன் பெறவில்லை. முன்னர் நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வேலை செய்கிறது. நிறைய மரங்களில் உரிமை உள்ள குடும்பம், பழத்தைச் சில மாதம் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கிறது. கொஞ்ச மரம் உள்ள குடும்பம் கடன் தொல்லையால் அறுவடை நாளிலேயே விற்றுவிடுகிறது. மரமே இல்லாத விதவைக்கு எஞ்சுவது கூலி மட்டும். விலை ஏறியது எல்லோருக்கும்தான். ஆனால் காத்திருக்கக் கூடியவனுக்கு ஏறிய அளவுக்கு, காத்திருக்க முடியாதவளுக்கு ஏறவில்லை.

இதை வெறும் கண்ணால் கண்ட கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ட்ராவிஸ் லிபர்ட் என்ற பொருளியலாளரும் அவரது சகாக்களும் இந்த ஆர்கான் எழுச்சி பற்றிய ஆய்வொன்றை 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். விலை ஏற்றத்தால் சில குடும்பங்கள் நன்மை அடைந்தன என்றும், அவை கூடுதலாகச் செலவு செய்யவும் பெண் பிள்ளைகளை இரண்டாம் நிலைப் பாடசாலைக்கு அனுப்பவும் முடிந்தது என்றும் அது கூறுகிறது. இது சிறிய விடயம் அல்ல. பாடசாலை தூரத்தில் இருக்கும் கிராமங்களில் பெண் பிள்ளையின் படிப்புதான் முதலில் நிறுத்தப்படும்.

அதே ஆய்வு வேறு இரண்டு விடயங்களையும் சொல்கிறது. கையில் வந்த பணத்தில் அந்தக் குடும்பங்கள் கூடுதலாக ஆடுகளை வாங்கின. ஆடு அந்தக் காட்டுக்கு நல்லதல்ல. மேலும், மக்கள் மரத்தில் இருக்கும் பழத்தைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தார்களே தவிர, மரத்தின் எதிர்காலத்துக்காக முதலீடு செய்யவில்லை. நிலம் அரசாங்கத்தினுடையது, பழம் மட்டும்தான் தங்களுடையது என்றால் வேறு என்ன நடக்கும்? வாடகைக் கடைக்கு யார் புதுக் கூரை போடுவார்?

விலை ஏறியும் கூலி ஏறவில்லை

2018ஆம் ஆண்டுக்குப் பின் மொரோக்கோவில் பல வருடங்கள் தொடர்ச்சியாக வரட்சி நிலவியது. பழம் குறைந்தது. எண்ணெய் விலை மேலும் ஏறியது. முப்பது வருடங்களுக்கு முன் 25 திர்ஹம் அளவில் விற்ற ஒரு லீற்றர் எண்ணெய், 2025ஆம் ஆண்டில் 600 திர்ஹம் அளவுக்கு, அதாவது 60 டொலர் அளவுக்கு வந்துவிட்டதாகச் செய்தி அறிக்கைகள் கூறின. அதே காலத்தில் ஒரு கிலோ பருப்பு உடைக்கும் பெண்ணுக்குக் கிடைத்தது 3 டொலர் அளவில்.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு. அப்படியானால் உடைத்த கைக்கு 7 அல்லது 8 டொலர். எஞ்சிய 52 டொலர் பழத்துக்கும், பிழிவதற்கும், போத்தலுக்கும், களஞ்சியத்துக்கும், முதலாளிக்கும். மொரோக்கோவிலேயே இந்த நிலை என்றால், பாரிஸில் 50 மில்லிலீற்றர் போத்தலாக மாறும்போது அந்தப் பெண்ணின் பங்கு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

முதலாளிக்கு இலாபம் கூடாது என்று நான் சொல்லவில்லை. களஞ்சியத்துக்குச் செலவு உண்டு. சரக்கு தேங்கும் அபாயம் உண்டு. தரம் பார்க்க வேண்டும், காசு முடங்கும். நானும் வியாபாரிதான். ஆனால் இந்தப் பொருளின் முழு வேலையிலும் இயந்திரத்தால் செய்ய முடியாத ஒரே வேலையைச் செய்கிறவளுக்கு ஏன் விலை பேசும் பலம் இல்லை? காரணம், அவளிடம் சரக்கு இல்லை. கை வேலை மட்டுமே உள்ளவன் நாளைக்கு வரை காத்திருக்க முடியாது. சரக்கு உள்ளவன் ஆறு மாதம் காத்திருப்பான். சந்தையில் இதுதான் சட்டம்.

ஷியா முதல் கித்துள் வரை

மேற்கு ஆபிரிக்காவின் ஷியா கொட்டையும் இதே பாதையில்தான் போகிறது. புர்கினா பாசோ, கானா, மாலி முதலான நாடுகளில் இந்தக் கொட்டையைப் பொறுக்குவதும் அவித்துக் காயவைத்துக் கொழுப்பு எடுப்பதும் பெண்களே. ஆனால் மரம் நிற்கும் விளைநிலம் பெரும்பாலும் ஆண்களின் கையில். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் சொக்லேட்டில் கொக்கோ கொழுப்புக்கு மேலதிகமாக ஷியா முதலிய சில தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்தது. கேள்வி கூடியது. கொட்டையாகவே ஏற்றுமதியான அளவும் பெரியதாக இருந்தது. கொட்டையாகப் போனால் பெறுமதி சேர்க்கும் வேலை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடும். அந்தப் பெண்ணின் கையில் பொறுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

நமது நாட்டில் கித்துளை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கராஜக் காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மரம் ஏறிப் பூவைச் சீவுவது ஆண். மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுவது பெண். கடையில் பாணிப் போத்தலின் விலையைக் கேட்கும் நாம், அடுப்படியில் நின்றவளின் கூலி அதில் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்பதில்லை. எங்கும் எழுதப்படவில்லை என்பதே உண்மை.

நான் செய்த தவறு

இனி என் கதைக்கு வருகிறேன். மொரோக்கோவில் இருந்து திரும்பிய எனக்கு அந்த லொறி வியாபாரிகள் மீது கோபம் இருந்தது. ஒரு நாள் கடையில் இருந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஒரு விடயம் உறைத்தது. நானும் அந்த லொறிக்காரன்தான்.

பல வருடங்களாக எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் பருவத்துக்கு முன்பே கஜு மரங்களுக்கு முற்பணம் கொடுத்து வந்தேன். மகளின் கலியாணம், பிள்ளையின் படிப்பு, வைத்தியச் செலவு என்று அவசரத்தில் வருபவர்களுக்குக் கொடுப்பேன். உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். ஆனால் விலையை நான்தான் வைத்தேன், அதுவும் விளைச்சல் வருவதற்கு முன்பே. பணத்தைக் குடும்பத் தலைவரின் கையில் கொடுத்தேன். பிறகு அதே வீட்டுப் பெண்களிடம் கஜுவை உடைக்கக் கொடுத்தேன். என் உம்மாவுக்கு அந்த முதலாளி செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

ஊரில் எனக்காக நெடுங்காலம் கஜு உடைத்த ராத்தா ஒருவர் இருந்தார். அவரிடம் போய், "ராத்தா, உங்களுக்கு என்ன செய்தால் நல்லது?" என்று கேட்டேன். கூலியைக் கூட்டச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "தம்பி, கூலியைக் கூட்டினால் நல்லதுதான். ஆனால் எனக்குப் பத்துக் கிலோ கொட்டை வாங்கி வைக்கக் காசு இருந்தால் நான் உங்களுக்குக் கூலிக்கு உடைக்க மாட்டேன், பருப்பாக விற்பேன்" என்றார்.

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அந்த ராத்தா ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த பருவத்தில் மூன்று விடயங்களை மாற்றினேன். பருவத்துக்கு முன் விலை பேசுவதை நிறுத்தினேன். முற்பணம் கொடுத்தாலும் விலை அறுவடை நாளின் சந்தை விலைதான் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்து, உடைக்கும் பெண்களில் விரும்பியவர்களுக்குப் பச்சைக் கொட்டை வாங்குவதற்கான பணத்தை அவர்கள் பெயரிலேயே கொடுத்தேன். கொட்டை அவர்களுடையது. பருப்பை எனக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்றாவதாக, உடையாத முழுப் பருப்புக்குத் தனி விலை வைத்தேன்.

முதல் வருடம் இலாபம் குறைந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். சிலர் என் பணத்தில் கொட்டை வாங்கிப் பருப்பை வேறு ஒருவருக்கு விற்றார்கள். மனம் சலித்துத்தான் போனது. இரண்டாம் வருடத்தில் இருந்து வேறு மாற்றம் தெரிந்தது. சொந்தச் சரக்கை உடைப்பவள் அவசரப்பட்டு உடைப்பதில்லை. உடைந்த பருப்பு குறைந்து முழுப் பருப்பு கூடியது. கொழும்பில் முழுப் பருப்புக்குத்தானே நல்ல விலை! பருவம் முடிந்த பின்பும் அவர்களிடம் கொஞ்சம் சரக்கு இருந்ததால் எனக்கு வருடம் முழுவதும் பொருள் கிடைத்தது. என் களஞ்சியச் செலவும் குறைந்தது. நான் பெரிய தர்மம் எதுவும் செய்துவிடவில்லை. கணக்கைக் கொஞ்சம் நீண்ட காலத்துக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

வியாபார சகோதரர்களுக்கு

கிராமத்தில் இருந்து தேன், பாணி, கஜு, புளி, மூலிகை, பாய், பிரம்புச் சாமான் என எதை வாங்குபவராக இருந்தாலும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தப் பொருளில் இயந்திரம் செய்ய முடியாத வேலையைச் செய்பவர் யார்? நான் கொடுக்கும் பணம் யாருடைய கைக்குப் போகிறது? அறுவடை நாளில் விற்காமல் ஒரு மாதமாவது காத்திருக்க அவருக்கு முடியுமா? எனக்குச் சொல்லப்படும் விலையில் அவருடைய கூலி அடங்கியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், பொருளில் கலப்படம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மலிவு விலை வியாபாரியையும் ஏமாற்றும்.

உலகச் சந்தை விலை நம் கையில் இல்லை. மொரோக்கோவின் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஊருக்குள் நுழையும் முதல் காசைக் கொடுப்பவன் வியாபாரிதான். அந்தக் காசை எப்போது, யார் கையில், என்ன நிபந்தனையில் கொடுப்பது என்பது முழுக்க நம் கையில் உள்ள விடயம்.

அந்த ராத்தா இப்போது கூலிக்கு உடைப்பதில்லை. சொந்தச் சரக்கு வைத்திருக்கிறார், ஊரில் வேறு நான்கு பெண்களும் அவருடன் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற பருவத்தில் விலை பேசப் போனபோது, "தம்பி, இந்த விலைக்கு இப்போது தர முடியாது. நோன்புக்கு முன்னால் வாருங்கள்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெறுங்கையுடன் வீடு திரும்பும் வழியில், என் உம்மாவுக்கும் யாராவது பத்துக் கிலோ கொட்டை வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். நோன்புக்கு முன்னால் மீண்டும் போனேன், அவர் கேட்ட விலைக்கே வாங்கினேன்.